பினாங்கா, ஹுவா ஹின்னா? ஓய்வுக்காலத்துக்கு நாங்கள் போட்ட கணக்கு

சிங்கப்பூரில் வேலை முடிந்து, உடனே ஊர் திரும்ப மனமில்லாத தமிழர்களிடம் அடுத்து எங்கே என்று கேட்டால், பெரும்பாலோர் யோசிக்காமல் மலேசியா என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. பினாங்கில் பூக்கடைக்காரரிடம் தமிழிலேயே பேரம் பேசலாம். வானொலியைத் திருப்பினால் தமிழில் மின்னல் எஃப்எம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில். டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் புரியவைக்கலாம். இத்தனை இருந்தும் நானும் மனைவியும் தாய்லாந்துக்குப் போய், ஹுவா ஹின் என்ற கடற்கரை ஊரில் வாடகைக்கு வீடு எடுத்திருக்கிறோம். சொந்தக்காரர்களுக்கு இன்னும் இது விளங்கவில்லை.

வெயில், கடற்கரை, மீன் விலை, மாதச் செலவு எல்லாம் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சைவச் சாப்பாட்டில் பினாங்குக்கு முழு மதிப்பெண். தாய்லாந்தில் வெறும் கீரைப் பொரியலிலும் மீன் சாறு விழுந்துவிடும். என் மனைவி வீட்டுச் சமையலை விடவே இல்லை. வரி விஷயத்திலும் மலேசியாவின் கைதான் ஓங்கியிருக்கிறது. தனிநபர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் வருமானத்துக்கு அங்கே 2036 வரை விலக்கு. தாய்லாந்திலோ ஆண்டில் 180 நாள் தங்கிவிட்டால், 2024 முதல் ஈட்டிய வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவரும்போது அது வரிக் கணக்கில் சேரும். 2023 வரை சேர்த்த சேமிப்புக்கு இது பொருந்தாது என்பதால் எங்களுக்கு இப்போதைக்குச் சிக்கல் இல்லை.

பிறகு ஏன் தாய்லாந்து? அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஒரு நாட்டுக்குள் நுழைவது பெரிய காரியமல்ல. கையில் பணம் இருந்தால் முகவர் முடித்துக் கொடுத்துவிடுவார். நான் பார்த்தது வெளியே வருகிற வழியை. எங்களில் ஒருவர் படுத்துவிட்டால், அல்லது மகள் "போதும்பா, வந்துவிடுங்கள்" என்று அழைத்தால், போட்ட பணத்தோடு எவ்வளவு சீக்கிரம் கிளம்ப முடியும்?

வெளிநாட்டவரை நீண்டகாலம் தங்க அனுமதிக்கும் மலேசியாவின் ‘எனது இரண்டாவது இல்லம்’ திட்டம் 2002-இல் அந்தப் பெயரில் வந்தபோது தாராளமாக இருந்தது. 2021-இல் மாத வருமான நிபந்தனையை 10,000 ரிங்கிட்டிலிருந்து 40,000 ரிங்கிட்டாக ஒரேயடியாக உயர்த்தினார்கள். 2024-இல் வந்த விதிகளில் அந்த வருமான நிபந்தனை போய்விட்டது. ஆனால் வீடு வாங்குவது கட்டாயமாகிவிட்டது. மூன்று படிகளில் அடிப்படையான சில்வருக்கு வங்கியில் 150,000 அமெரிக்க டாலர் நிலை வைப்பு. அதோடு குறைந்தது 600,000 ரிங்கிட்டில் வீடு. வைப்பில் பாதியை எடுத்து வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் செலவிடலாம் என்பது உண்மை. ஆனால் சில்வர் அனுமதியின் காலம் ஐந்து ஆண்டு. வாங்கிய வீட்டைப் பத்து ஆண்டு விற்கக்கூடாது. அதைவிட விலை கூடிய வீட்டுக்கு மாறுவதென்றால் மட்டும் விடுவார்கள். அனுமதியைப் புதுப்பிக்கலாம் என்றாலும், இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது.

இதன் மேல் வரிகள் வேறு. வெளிநாட்டவர் வீடு வாங்கும்போது முத்திரைத் தீர்வை 2024 முதல் 4 சதவீதமாக இருந்தது. 2026 முதல் 8 சதவீதம். ஐந்து ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 சதவீதமும், அதற்குப் பிறகு 10 சதவீதமும் வரி. லாபம் வந்தால்தானே வரி என்று கேட்பீர்கள். அதுவும் சரிதான். மலேசியாவின் பெரிய நகரங்களில் கட்டி முடித்து விலைபோகாமல் நிற்கிற அடுக்குமாடி வீடுகள் ஏராளம். புதுவீட்டுக்குக் கட்டுமான நிறுவனமே தள்ளுபடி தரும்போது உங்கள் பழைய வீட்டை யார் எட்டிப் பார்ப்பார்?

என் நண்பர் ஒருவர் பழைய விதியின் கீழ் பினாங்கு போனவர். அப்போது கட்டாயம் எதுவும் இல்லை; கடல் தெரிகிறதே என்று ஆசைப்பட்டுப் பதினான்காம் மாடியில் ஒரு வீடு வாங்கினார். மனைவிக்கு முழங்கால் போனதும் கோயம்புத்தூருக்கே திரும்பிவிட்டார்கள். வீடு மட்டும் அங்கே நிற்கிறது. தரகர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். விலையை இறக்கிக்கொண்டே வருகிறார். ஆளில்லாத வீட்டுக்கும் மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணமும் கட்டட நிதியும் போய்க்கொண்டிருக்கின்றன. அவரிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்தால், கடல் எப்படித் தெரியும் என்பதிலிருந்துதான் இன்றும் தொடங்குவார்.

தாய்லாந்தில் ஐம்பது வயதானவர் ஓய்வுக்கால அனுமதி பெற முக்கியமாக இரண்டு வழி: மாதம் 65,000 பாட் வருமானம், அல்லது தாய்லாந்து வங்கியில் 800,000 பாட். இந்திய ரூபாயில் இருபது லட்சத்துக்குச் சற்று மேல். விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே அந்தப் பணம் கணக்கில் இருக்க வேண்டும். அனுமதி கிடைத்த பிறகு மூன்று மாதம் தொடக்கூடாது. மற்ற நாட்களில் 400,000-க்குக் கீழே இறங்கக்கூடாது. அவ்வளவுதான் முடக்கம். வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடிக் கட்டடத்தில் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். பலரும் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு இது வரம். வீடு வாங்கித் தொலைக்கிற ஆசையே எழவில்லை. ஓராண்டு வாடகை ஒப்பந்தம், இரண்டு மாத முன்பணம். கிளம்ப வேண்டுமென்றால் நட்டம் அந்த முன்பணத்தோடு போகட்டும்.

இதற்கு விலை உண்டு. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்; கட்டணம் 1,900 பாட். 90 நாளைக்கு ஒருமுறை இருப்பிடத்தைத் தெரிவிக்க வேண்டும். மறுநுழைவு அனுமதி வாங்காமல் எல்லை தாண்டினால் அனுமதியே ரத்து. பலமுறை போய்வரும் மறுநுழைவுச் சீட்டுக்கு 3,800 பாட். புதுப்பிக்கிற நாள் காலையில் வங்கிக்குப் போய்ச் சான்றுக் கடிதம் வாங்கி, பாஸ்புத்தகத்தில் அன்றைய தேதியில் ஒரு பதிவு விழவேண்டும் என்பதற்காக நூறு பாட் போட்டு, பாஸ்போர்ட் நகலின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, வீட்டுக்கு வழி காட்டும் வரைபடத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நான் வரையும் படத்தில் ரயில் நிலையம் எப்போதும் கடலுக்குள் போய்விடும். அதிகாரி இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.

தம்பதியாகப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணவரின் அனுமதியைச் சார்ந்து, திருமணச் சான்றிதழைக் காட்டி மனைவியும் தங்கலாம். அவருக்குத் தனியாக வைப்பு தேவையில்லை. செலவு மிச்சம் என்று பலர் இதையே எடுக்கிறார்கள். கணவர் இறந்துவிட்டால் சார்பு அனுமதியின் அடிப்படையே போய்விடும். அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கும் முடங்கும். நீதிமன்றம் நிர்வாகி ஒருவரை நியமித்த பிறகே பணம் கைக்கு வரும். அதனால் மனைவி பெயரில் தனிக் கணக்கு, தனி 800,000, தனி அனுமதி. தாய்லாந்துச் சொத்துக்கு மட்டும் தாய்லாந்து மொழியில் ஓர் உயிலும் எழுதிவைத்துவிட்டோம்.

மருத்துவச் செலவில் எங்கள் அனுபவம் குறைவு. இதுவரை பல்லும் ரத்த அழுத்தமும்தான். பெரிய அறுவை சிகிச்சை என்று வந்தால் பாங்காக்கின் பேர்பெற்ற மருத்துவமனைகளைவிடப் பினாங்கில் குறைவாக முடியும் என்பது இரண்டையும் பார்த்தவர்கள் சொல்வது. நான் அதை நம்புகிறேன். எண்பதைத் தாண்டி ஒருவர் துணையோடுதான் நடமாட முடியும் என்ற நிலை வந்தால், பார்த்துக்கொள்கிறவரிடம் பேச மொழி வேண்டும். அந்த நாளில் என் கணக்கு தலைகீழாக மாறலாம். மலேசியத் திட்டத்தில் வயதுக்கு மேல்வரம்பு இல்லை. இங்கிருந்து அங்கே போவதற்கு எங்களிடம் விற்க வேண்டிய வீடு எதுவும் இல்லை.