மும்பைக் கடலில் ஃபைபர் படகின் அடிப்பூச்சு: பல மழைக்காலம் பார்த்த அனுபவம்

மும்பைத் துறைமுகப் பக்கம் செம்பூர் மைத்துனரும் நானும் கூட்டாக ஒரு மோட்டார் படகு வைத்திருக்கிறோம். ஃபைபர் உடல், 24 அடி நீளம், பின்னால் அவுட்போர்டு எஞ்சின். வார இறுதியில் ஓடும். மற்ற நாட்களில் சேறு கலந்த நீரில் சும்மா நிற்கும். படகின் அடியில் ஒட்டி வளரும் ஓட்டுயிரியான கொட்டலசுக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது. முதலில் வழுக்கும் பாசிப்படலம், பிறகு அதன் மேல் கொட்டலசு. கவனிக்காமல் விட்டால் எஞ்சின் முக்கும், வேகம் குறையும், பெட்ரோல் மட்டும் தாராளமாகப் போகும்.

அதைத் தடுக்க அடியில் பூசும் ஆன்டிஃபவுலிங் பெயின்ட்டில் கெட்டிப் பூச்சு, கரையும் பூச்சு என்று இரண்டு முக்கிய வகைகள் உண்டு. பெரும்பாலும் இரண்டிலும் வேலை செய்வது செம்பின் ஆக்சைடுதான். செம்பு ஒன்றும் புதிய மருந்தல்ல. 1817-இல் இதே பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி, இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கும் 'திருகோணமலை' என்ற போர்க்கப்பலின் காலத்தில் அடியில் செம்புத் தகட்டையே அறைந்தார்கள்.

கெட்டிப் பூச்சில் செம்பு மெல்லக் கசிந்து வெளியேறும். வெற்றுப் படலம் அப்படியே தங்கும். கரையும் பூச்சு தண்ணீர் உரச உரசத் தேய்ந்து, உள்ளிருக்கும் புதுச் செம்பை வெளியே காட்டும். வேகமாக ஓடும், அடிக்கடி தேய்த்துக் கழுவப்படும் படகுக்குக் கெட்டிப் பூச்சு சரி. ஆனால் மேற்குக் கரையில் ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலம். மழை முடியும்வரை எங்களைப் போன்ற சிறு படகுகளும் கரையில்தான் கிடக்கின்றன. அத்தனை மாதம் காற்றில் காய்ந்தால் கெட்டிப் பூச்சின் வீரியம் போய்விடும். மறுபடி தேய்த்து, மறுபடி பூச வேண்டும். அதையும் ஆகஸ்டு கடைசியில், இரண்டு மழைக்கு நடுவே செய்ய வேண்டும். ஈரப்பதம் குறையாத அந்த வாரங்களில் பெயின்ட் அடிப்பது என் பகையாளிக்கும் வேண்டாம்.

கரையும் பூச்சுக்கு மாறியதில் கிடைத்த பெரிய நிம்மதி இதுதான்: மே மாதமே படகை ஏற்றி, வெயில் இருக்கும்போதே பூசி, தார்ப்பாயால் மூடிவிடுகிறோம். மழை விட்டதும் நேரே கடலுக்கு. பூசியபின் எத்தனை நாளுக்குள் இறக்க வேண்டும் என்ற வரம்பு பெயின்ட்டுக்குப் பெயின்ட் மாறும். டின்னில் அச்சிட்டிருப்பார்கள், வாங்கும்போதே படித்துவிடுவது நல்லது.

டின்னைத் திறந்ததும் மேலே மெல்லிய திரவம்தான் தெரியும். குச்சியை அடிவரை விட்டால் களிமண் போல ஒரு கட்டி தடுக்கும். விலை கொடுத்து வாங்கிய செம்பு முழுவதும் அங்கேதான் படிந்திருக்கிறது. எங்களுக்குப் பூசித் தரும் தாராவிப் பெரியவர், "தம்பி, கை வலித்தால்தான் கலந்திருக்கிறது என்று அர்த்தம்" என்பார். பாதியில் நிறுத்தவும் விடமாட்டார். ரோலரைத் தட்டில் நனைக்கும் ஒவ்வொரு முறையும் கலக்கச் சொல்வார்.

கரையேற்றிய உடனே, ஈரம் காயும் முன் கழுவிவிட வேண்டும். காய்ந்த கொட்டலசைச் சுரண்டினால் ஓடு மட்டும் உடைந்து, வெள்ளை வட்டமாக அடித்தட்டு ஒட்டிக்கொண்டே இருக்கும். அதன் மேல் பூசிய பெயின்ட் நிற்காது. உப்புத்தாளைத் தண்ணீர் விட்டே தேய்க்கிறோம். செம்புத் தூளை மூச்சில் இழுப்பது ஆபத்து. முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். சுரண்டிய கழிவை ஓடைப்பக்கம் தள்ளாமல் சாக்கில் கட்டிவிடுகிறோம்.

பணம் மிச்சம் செய்த உத்தி ஒன்று உண்டு. முதல் பூச்சு சிவப்பு, அதன் மேல் நீலம். நீலத்துக்குள் சிவப்பு எட்டிப் பார்த்தால் அந்த இடம் தேய்ந்துவிட்டது. அங்கே மட்டும் பூசினால் போதும். எங்கள் படகில் எப்போதும் முதலில் சிவக்கும் இடங்கள் முகப்பு, ஏரா (அடியின் நடுவே நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு), நீர்மட்டக் கோடு. அங்கெல்லாம் கூடுதலாக ஒரு பூச்சு கொடுக்கிறோம்.

அலுமினிய எஞ்சின் காலில் செம்புப் பெயின்ட் படவே கூடாது. உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் அரிபட்டு அதைக் காக்கும் துத்தநாகக் கட்டியின் மேலும் எந்தப் பெயின்ட்டும் வேண்டாம். மூடிவிட்டால் அது இருந்தும் பயனில்லை. படகு நிற்கும்போது எஞ்சினைத் தூக்கியே வைக்கிறோம்.

வெள்ளீயச் சேர்மம் கலந்த பழைய பெயின்ட்தான் சக்தியுள்ளது என்று இன்னும் சொல்பவர்கள் உண்டு. சக்தி இருந்தது உண்மைதான். பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைக்க வைத்ததும் அந்தச் சக்திதான். 2008-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை அதைத் தடை செய்துவிட்டது.

குறை என்று சொன்னால், கரையும் பூச்சு சும்மா நிற்கும் படகில் முழுவதும் வேலை செய்வதில்லை. அது தேய ஓட்டம் வேண்டும். இரண்டு வாரம் நிறுத்தினால் பாசி பிடித்துவிடுகிறது. அதை மெத்தென்ற துணியால் லேசாகத் துடைக்கிறோம். பிரஷ் போட்டால் பாசியோடு பெயின்ட்டும் வந்துவிடும்.