ராத்துக்கு மாற்றித் தருகிறேன் என்று வரும் ஆலோசகர்கள்: உஷார்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்கு இது. 401கே என்பது கம்பெனி வழியாகச் சேரும் ஓய்வுக்காலச் சேமிப்பு, எடுக்கும்போது வரி. ராத் என்பது வரி கட்டிய பணத்தைப் போட்டுவைக்கும் ஓய்வுக்காலக் கணக்கு. "பழைய கம்பெனி 401கே சும்மாதானே கிடக்குதுண்ணா, ராத்துக்கு மாத்திடலாம், ரிட்டயர் ஆனப்புறம் ஒரு டாலர்கூட வரி கிடையாது" என்று யாராவது இனிக்க இனிக்கப் பேசினால், வரிக் கணக்கை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

எங்களிடம் அப்படிப் பேசியவர் தமிழ்ச் சங்கத்தில் பழக்கமான ஆலோசகர். 2024 அக்டோபரில் 1,50,000 டாலரையும் ஒரேயடியாக மாற்றினார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் மாற்றுகிற தொகை முழுவதும் அந்த வருட வருமானத்தோடு சேர்ந்துவிடும் என்பதை விழுங்கிவிட்டார். கழிவெல்லாம் போக, மாற்றிய பணத்தைச் சேர்க்காமலே எங்கள் இருவருக்கும் சேர்த்து வரிக்குரிய வருமானம் 1,80,000 டாலர். மாற்றிய பணமும் சேர்ந்து மொத்தம் 2,01,050 டாலரைத் தாண்டிய பகுதியெல்லாம் 24 சதவீத வரியில் விழ, ஃபெடரல் வரி மட்டும் 35,579 டாலர் கூடியது. நியூஜெர்சி மாநில வரி தனி. ஓய்வுக்குப் பிறகு நாங்கள் 12 சதவீதத்துக்கு மேல் போகப்போவதில்லை. அப்புறம் எதற்கு இந்த அவசரம்?

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஜனவரியில் வந்த 1099-ஆர் படிவத்தில் (ஓய்வுக் கணக்கிலிருந்து வெளியே வந்த பணத்தைக் காட்டுவது) நான்காம் கட்டத்தைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. 30,000 டாலர் வரிப்பிடித்தம்! வரியைச் சேமிப்பிலிருந்து கட்டுகிறோம் என்று அவரிடம் சொல்லிப் பணத்தையும் ஒதுக்கி வைத்திருந்தோம். அவரோ விண்ணப்பத்தில் 20 சதவீதம் பிடிக்கச் சொல்லி நிரப்பியிருக்கிறார். பிடித்த பணம் ராத்துக்குப் போகவில்லை என்பதால், ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன்பே வெளியே எடுத்ததாகக் கணக்கு. அதற்கு 10 சதவீத அபராதம், 3,000 டாலர்.

கேட்டால், "டாக்ஸ் விஷயம் சிபிஏதாண்ணா பார்க்கணும்" என்று கணக்காளரைக் கைகாட்டுகிறார். கம்பெனி கணக்கிலேயே இருந்திருந்தால் அவருக்குச் சல்லிக்காசு கிடையாது. இப்போது அவர் கைக்குள் வந்த 1,20,000க்கு வருடா வருடம் ஒரு சதவீதம் கட்டணம்.

வேண்டாம் என்று திருப்பவும் வழியில்லை. முன்பெல்லாம் ராத் மாற்றத்தை ரத்து செய்யலாம். 2018 முதல் அதை எடுத்துவிட்டார்கள்.

சமீபத்தில் மாற்றியவர்கள் இன்றே ஸ்டேட்மென்ட்டைத் திறந்து வரிப்பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பணம் வெளியே வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் அதே தொகையைக் கைக்காசிலிருந்து ராத்தில் போட்டுவிடுங்கள். அபராதம் வராது, வரி கட்டித்தான் ஆகவேண்டும். எங்களுக்கு அந்த 60 நாள் டிசம்பரிலேயே முடிந்துவிட்டது.