ஆறு கேள்வியோடு நிறுத்தாதீர்கள்: பெரியவர்களுக்கான ஏடிஎச்டி சோதனைத் தாள், ஒரு விமர்சனம்

பெரியவர்களுக்கும் ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைத் துடிப்புக் கோளாறு) இருக்கலாம் என்று கேள்விப்பட்டுத் தேட ஆரம்பித்த எவருக்கும் முதலில் கையில் கிடைப்பது ஏஎஸ்ஆர்எஸ் என்ற சுயமதிப்பீட்டுத் தாள்தான். உலக சுகாதார நிறுவனத்தின் பெயரோடு 2005-ல் வந்தது. இலவசம், பிடிஎஃப் ஆகக் கிடைக்கும், நிரப்பப் பத்து நிமிடம் போதும். வடசென்னையில் ராயபுரத்திலோ கொடுங்கையூரிலோ இருக்கும் ஒருவர் இதை நிரப்பினால் எது தெரியும், எது தெரியாது, எந்த வகை ஏடிஎச்டி என்று பிரித்துக் காட்டுமா என்று பார்ப்போம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஐந்துக்கு மூன்றரை. முதல் ஆறு கேள்வியோடு நிறுத்திவிடுகிறவருக்கு இரண்டுதான்.

தாளில் மொத்தம் 18 கேள்விகள். ஏ பகுதியில் 6, பி பகுதியில் 12. ஒவ்வொன்றுக்கும் ‘ஒருபோதும் இல்லை’யில் தொடங்கி ‘மிக அடிக்கடி’ வரை ஐந்து கட்டங்கள். கடந்த ஆறு மாதத்தை நினைத்து டிக் அடிக்க வேண்டும். சில கட்டங்களுக்கு மட்டும் சாம்பல் நிறம் பூசியிருப்பார்கள். டிக் அந்த நிறத்துக்குள் விழுந்தால்தான் கணக்கு. ஏ பகுதியில் நான்கோ அதற்கு மேலோ விழுந்தால் ஏடிஎச்டி இருக்க வாய்ப்பு உண்டு, முறையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று பொருள். நோய் இருக்கிறது என்று பொருள் அல்ல.

முதல் சிக்கல் அந்தச் சாம்பல் நிறத்திலேயே இருக்கிறது. யாரோ எடுத்த ஜெராக்ஸை இன்னொருவர் ஜெராக்ஸ் எடுத்து, அதை போனில் படம் பிடித்து அனுப்பினால் நிறம் மொத்தமும் வெளுத்துப்போகும். பிறகு ‘சில சமயம்’ என்று போட்டதையெல்லாம் எண்ணிப் பயந்துபோகிறவர்கள் உண்டு; ‘மிக அடிக்கடி’யை மட்டும் எண்ணி நிம்மதியாகிறவர்களும் உண்டு. அதனால் எல்லையைப் பேனாவால் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 1, 2, 3, 9, 12, 16, 18 ஆகிய ஏழு கேள்விகளுக்கு ‘சில சமயம்’ என்றாலே கணக்கில் சேரும். மீதி பதினொன்றுக்கும் ‘அடிக்கடி’ அல்லது ‘மிக அடிக்கடி’ என்றால்தான் சேரும்.

பெரிய குறை வேறு. ஏ பகுதியின் ஆறு கேள்விகளில் முதல் நான்கும் கவனக்குறைவு பற்றியவை: வேலையின் கடைசித் துண்டை முடிக்காமல் விடுவது, ஒழுங்குபடுத்த முடியாமல் திணறுவது, ஒப்புக்கொண்டதை மறப்பது, மூளையைக் கசக்க வேண்டிய வேலையைத் தள்ளிப்போடுவது. ஐந்தாவதும் ஆறாவதும் மட்டும் ஓரிடத்தில் இருக்க முடியாத துடிப்பு பற்றியவை. யோசிக்காமல் பாயும் அவசரத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. துடிப்பும் அவசரமும் மட்டுமே உள்ள ஒருவர் ஏ பகுதியில் அதிகபட்சம் இரண்டுதான் வாங்க முடியும். தேவை நான்கு. எவ்வளவு கடுமையாக இருந்தாலும் தாள் அவரை ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடும். 2005-ல் இதை உருவாக்கியவர்கள் வெளியிட்ட ஆய்விலேயே ஏடிஎச்டி உள்ளவர்களில் இந்த ஆறு கேள்விகள் பிடித்தது 68.7 சதவீதம் பேரை. கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் நழுவியிருக்கிறார். இல்லாதவரை இல்லை என்று சொல்வதில் 99.5 சதவீதம். சல்லடை நல்லதுதான், கண் கொஞ்சம் பெரியது.

அதனால் பதினெட்டையும் நிரப்புங்கள், பிறகு இரண்டு நிறப் பேனாவால் பிரியுங்கள். 1 முதல் 4, 7 முதல் 11 ஆகிய ஒன்பதும் கவனக்குறைவு. 5, 6, 12 முதல் 18 ஆகிய ஒன்பதும் துடிப்பும் அவசரமும். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு (2013) 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஒரு பக்கத்தில் ஒன்பதுக்கு ஐந்து அறிகுறி கேட்கிறது, சிறுவர்களுக்கு ஆறு. உங்கள் தாளில் ஒரு நிறம் ஐந்தைத் தொட்டு மற்றது தொடாவிட்டால் எந்த வகை என்று ஒரு ஊகம் கிடைக்கும். இரண்டும் தொட்டால் கலப்பு வகை. பி பகுதிக்கென்று தாளில் மொத்த மதிப்பெண் கிடையாது, அது டாக்டருக்கான கூடுதல் தடயம்தான். ஆகவே இந்த எண்ணிக்கையை ஊகமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கேள்விகளை நம் வாழ்க்கைக்குப் பொருத்திப் பார்ப்பது. இது ஆபீஸ் வேலையை மனதில் வைத்து எழுதிய தாள். ‘புராஜெக்ட்’ என்ற சொல்லைப் பார்த்ததுமே வீட்டில் தையல் வேலை செய்யும் பெண், ‘எனக்கு இதெல்லாம் இல்லை’ என்று ‘ஒருபோதும் இல்லை’யில் டிக் போட்டுவிடுவார். அவர் மெஷின் பக்கத்தில் பாருங்கள்: பிளவுஸ் வெட்டி, தைத்து, கை ஏற்றி முடிந்திருக்கும்; ஹூக் மட்டும் வைக்காமல் நாலு பிளவுஸ் கிடக்கும். வாடிக்கையாளர் வாசலில் நிற்கும்போதுதான் ஊசியைத் தேடுவார், ஊசியும் கிடைக்காது. முதல் கேள்வி கேட்பது இதைத்தான். பத்தாவது கேள்வியும் சேர்த்து.

கவனக்குறைவு வகை சத்தமில்லாதது. பால் அடுப்பில் இருக்கிறது என்று தெரிந்தே மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போய், அங்கே கொடிக்கயிறு தளர்ந்திருப்பதைப் பார்த்து அதைக் கட்ட ஆரம்பித்துவிடுவது. எதிரே உட்கார்ந்து பேசுகிறவரின் வாயைப் பார்த்துக்கொண்டே பாதியைக் கேட்காமல் விடுவது. ஈபி இணைப்பில் பெயர் மாற்ற வேண்டிய விண்ணப்பத்தை இரண்டு வருடமாக அலமாரியிலேயே வைத்திருப்பது. பெண்களிடம் இந்த வகைதான் அதிகம் தவறவிடப்படுகிறது. வகுப்பில் ரகளை செய்யாத பெண்ணை எந்த டீச்சர் கவனித்தார்? ‘கனவு கண்டுகொண்டே இருப்பாள்’ என்று சொல்லி அடுத்த வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள்.

துடிப்பு வகை பெரியவர்களிடம் உருமாறிவிடும். நாற்பது வயதுக்காரர் நாற்காலி மேல் ஏறிக் குதிக்க மாட்டார். கல்யாணப் பந்தியில் உட்கார முடியாமல் பரிமாறப் போய்விடுவார், ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் பாதியில் இருக்கும்போது வெளியே வந்து நிற்பார். உட்கார்ந்திருந்தால் கால் ஆடும். வெளியே அசையாமல் இருந்தாலும் உள்ளே மோட்டார் ஓடும். ஆறாவது கேள்வி அந்த மோட்டாரைத்தான் கேட்கிறது. அவசரம் என்பது இன்னொரு முகம்: அடுத்தவர் வாக்கியத்தை இவர் முடித்துவைப்பது, ரேஷன் கடை வரிசையில் நிற்க முடியாமல் திரும்பி வந்துவிடுவது, மிண்ட் சிக்னலில் சிவப்பு விளக்கில் மூன்று நொடி மிச்சமிருக்கும்போதே வண்டியை எடுப்பது, எம்.சி. ரோட்டில் ஒரு சட்டை வாங்கப் போய் ஆறு வாங்கி வருவது. கடைசி இரண்டும் தாளில் இல்லை. பணமும் வண்டியும்தான் பெரியவர்களைக் கவிழ்க்கும் இடங்கள், அவற்றைத் தாள் தொடவே இல்லை.

“கேரம் ஆட உக்காந்தா மூணு மணி நேரம் அசைய மாட்டான், அவனுக்கு இன்னா கவனக்குறைவு?” என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஏடிஎச்டியில் கவனம் இல்லாமல் போவதில்லை, வேண்டிய இடத்துக்குத் திருப்ப முடியாமல் போகிறது. பிடித்தது, புதியது, உடனே பலன் தருவது என்றால் ஒட்டிக்கொள்ளும். வாடகை ரசீது எழுத வராது. இதைத் தாள் கேட்பதில்லை.

இணையத்தில் ‘ஏழு வகை ஏடிடி’ என்று ஒரு பட்டியலும் சுற்றுகிறது, மூளை ஸ்கேன் படங்களோடு. டிஎஸ்எம்-5-ல் இருப்பது மூன்றுதான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-லும் அதே மூன்றைத்தான் முதன்மையாகப் பிரித்திருக்கிறார்கள். அந்த மூன்றும்கூட பிறவி முத்திரை அல்ல. பத்து வயதில் கலப்பு வகையாக இருந்தவர் முப்பதில் கவனக்குறைவு வகையாக மாறலாம். ஏடிடி என்பது 1980-ல் வந்த பழைய பெயர், 1987-லேயே ஏடிஎச்டி ஆகிவிட்டது. ஸ்கேன் எடுத்து வகை சொல்கிறோம், ஆன்லைனில் காசு கட்டினால் வகை சொல்கிறோம் என்பவற்றுக்குச் செலவழிக்க வேண்டாம். இந்த நோயை உறுதிசெய்ய ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது. ரத்தப் பரிசோதனை வேறு காரணத்துக்காகத் தேவைப்படலாம்.

அந்தக் காரணம் இது: வேறு கோளாறுகளும் ஏடிஎச்டி போலவே தெரியும். ஆறு மாதத்தை மட்டும் கேட்கும் தாள் தூக்கமின்மையிலும் ஏமாறும். மணலி ஆலைகளில் ஷிஃப்ட் மாறி மாறிப் பார்ப்பவர், எண்ணூர் துறைமுகத்துக்கு இரவெல்லாம் டிரைலர் ஓட்டுபவர், காசிமேட்டில் விடியுமுன்னே ஏலத்துக்கு நிற்பவர், யாராக இருந்தாலும் மறப்பார்கள், தவறு செய்வார்கள், எரிந்து விழுவார்கள். குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவருக்கும் பகலில் இதே கதை. தைராய்டு கூடினால் படபடப்பு, குறைந்தால் மந்தம். ரத்தசோகை, மனச்சோர்வு, பதற்றம், குடி, கஞ்சா எல்லாமே இந்தத் தாளில் நான்கைத் தொடவைக்கும். பிரித்தறிய ஒரு கேள்வி உதவும்: எப்போதிலிருந்து? மனச்சோர்வு ஒரு காலத்தில் தொடங்கும், ‘அதற்கு முன்னால் நன்றாக இருந்தேன்’ என்பார்கள். ஏடிஎச்டிக்கு அப்படி ‘முன்னால்’ கிடையாது.

டிஎஸ்எம்-5 கேட்பதும் அதையே: சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், வீடு, வேலை என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும், வாழ்க்கையைக் கெடுத்திருக்க வேண்டும். குழந்தைப் பருவம் பற்றித் தாளில் ஒரு வரிகூட இல்லாதது இதன் இரண்டாவது பெரிய ஓட்டை. அதை நீங்களே அடைக்கலாம். பழைய ரேங்க் கார்டு இருந்தால் மார்க்கை விடுங்கள், டீச்சர் எழுதிய குறிப்பைப் பாருங்கள். இல்லாவிட்டால் அம்மாவிடமோ மூத்த அக்காவிடமோ கேளுங்கள், ஆனால் ‘எனக்கு ஏடிஎச்டி இருந்துச்சா?’ என்று கேட்காதீர்கள். “அக்கா, நான் மூணாவது நாலாவது படிக்கும்போது எதையெல்லாம் தொலைச்சிட்டு வருவேன்?” என்று கேட்டால் சிரித்துக்கொண்டே பட்டியல் போடுவார்.

நிரப்பும்போது இன்னொரு பொறி உண்டு. ‘சந்திப்புகளை மறப்பீர்களா?’ என்றால் ‘இல்லை’ என்று டிக் அடிப்பவருக்கு நாலு அலாரமும், காலையில் இரண்டு தடவை ஞாபகப்படுத்தும் மனைவியும் இருப்பார்கள். அவர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பதில் போடுங்கள், பக்கத்தில் அந்த முட்டுக்கொடுப்பையும் எழுதுங்கள். மனைவியோ கணவரோ தனித்தாளில் உங்களைப் பற்றி நிரப்பினால் இன்னும் நல்லது. இரண்டும் எங்கே மோதுகின்றன என்பதில் டாக்டருக்கு நிறைய விஷயம் கிடைக்கும்.

2017-ல் இதன் புதிய வடிவம் ஒன்று வந்தது. பழைய ஏ பகுதியைப் போல அதிலும் ஆறு கேள்விகள்தான், ஆனால் வேறு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 24, எல்லை 14. அடுத்தவர் வாக்கியத்தை முடிப்பது அதில் இருக்கிறது, அந்த வகையில் பழைய ஏ பகுதியைவிட மேல். பழைய தாளை நிரப்பிவிட்டுப் புதியதின் 14-ஐ எல்லையாக வைத்துக் கூட்டிப் பார்ப்பது அடிக்கடி நடக்கும் குளறுபடி. எதை நிரப்பினீர்களோ அதன் கணக்கையே போடுங்கள்.

நிரப்பிய தாளோடு எங்கே போவது? வடசென்னைக்காரருக்கு அருகில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கொஞ்சம் தள்ளி, கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம். அரசு ஓபியில் கூட்டம் அதிகம், டாக்டர் உங்களுக்கு ஒதுக்கும் நேரம் குறைவு. அதனால் ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: இரண்டு நிற எண்ணிக்கை, 12 வயதுக்கு முந்தைய இரண்டு சம்பவம், இப்போது வேலையிலும் வீட்டிலும் நடந்த இரண்டு சேதம், இரண்டு வாரத் தூக்க நேரம், சாப்பிடும் மாத்திரைகள். பழைய தைராய்டு, ஹீமோகுளோபின் ரிப்போர்ட் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். நேரில் போகத் தயக்கமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் 14416, எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம்.

மருந்து என்று ஆனால், ஏடிஎச்டிக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட்டை சாதாரண மாத்திரைபோல் வாங்க முடியாது. அது ஷெட்யூல் எக்ஸ் என்ற கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து: சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும், அதை விற்கக் கடைக்குத் தனி உரிமமும் வேண்டும். தெருமுனை மெடிக்கலில் இல்லை என்பார்கள், அதற்காக வேறு மாத்திரையைத் தந்தால் வாங்காதீர்கள். எந்தக் கடையில் இருக்கும் என்பதை டாக்டர் அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆரம்பிப்பதற்கு முன் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்த்துக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். ஏடிஎச்டிக்கான இன்னொரு மருந்தான அடோமாக்ஸெடினுக்கு ஷெட்யூல் எக்ஸ் கெடுபிடி இல்லை, ஆனால் பலன் தெரியச் சில வாரம் ஆகும்; பத்து நாளில் ‘வேலை செய்யல’ என்று நிறுத்திவிடாதீர்கள்.