பத்தாம் வகுப்புக்குப் பின்: ஐ.டி.ஐ.யா, நேரடித் தொழிற்பழகுநர் பயிற்சியா?

பத்தாம் வகுப்போடு தொழில் கற்கப் புறப்படும் மாணவருக்கு அரசு இரண்டு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்று ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையம். மற்றொன்று, 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் நேரடியாக ஒரு நிறுவனத்தில் சேர்ந்து பழகுவது.

ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஓராண்டும் ஃபிட்டர் பிரிவு ஈராண்டும் நடக்கும். முடித்தவருக்குத் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். தமிழ்நாட்டில் ஈராண்டுப் படிப்பை முடித்தவர் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் முடியும். அரசுப் பள்ளியில் படித்தவராயின் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின்கீழ் மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

நேரடிப் பயிற்சியில் அதைவிடக் கூடுதலான உதவித்தொகை முதல் மாதத்திலிருந்தே கைக்கு வருகிறது. வறுமைப்பட்ட வீட்டில் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான். முப்பதோ அதற்கு மேலோ பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள் தம் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநரைச் சேர்த்தாக வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டு விதி. ஆனால், பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளர் அல்லர் என்று 1961ஆம் ஆண்டின் சட்டம் கூறுவதோடு, ஒப்பந்தத்தில் குறிப்பிட்டாலன்றிப் பயிற்சிக்குப்பின் வேலை தரும் கடமையையும் முதலாளிமேல் சுமத்துவதில்லை. சேருமுன் அந்த ஒப்பந்தத்தை எத்தனை பேர் படித்துப் பார்க்கிறார்கள்?

பதினைந்து வயதில் எந்தப் பிரிவு பொருந்தும் என்று தெளியாதவருக்கு ஐ.டி.ஐ.யே பாதுகாப்பானது என்பது என் கருத்து. அதை முடித்தபின் பழகுநராகச் சேர்ந்தால், ஏற்கெனவே பெற்ற பயிற்சியின் பொருட்டுப் பழகுநர் காலமும் குறைகிறது.