பெரிய மரவை: ஒரே கட்டையா, ஒட்டிய வளையங்களா?

16 அங்குல வாய், 6 அங்குல உயரம். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நாலு மாதுளையும் தாராளமாக உட்காரும் அளவு. மரத்தில் கடைந்த வட்டிலுக்கு மரவை என்ற பழைய சொல் நம்மிடம் இருக்கிறது. இங்கே முழுக்க அதையே வைத்துக்கொள்கிறேன்.

சின்ன மரவை என்றால் இந்த அலசலே வேண்டாம். 6 அங்குலக் கட்டை விறகுக் கடையிலேயே கிடைக்கும், லேத்தில் மாட்டிக் கடைந்துவிட்டுப் போகலாம். அளவு பெரிதாகும்போதுதான் மூன்று வழிகள் வந்து நிற்கின்றன. மரத்தண்டைப் பிளந்து ஒரே கட்டையாகக் கடையலாம். அகலமான ஒரே பலகையைச் சாய்வாக வளையம் வளையமாக அறுத்து, அடுக்கி ஒட்டிக் கடையலாம். அல்லது சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்து வளையம் கட்டி, வளையத்தின் மேல் வளையமாக ஏற்றிக் கடையலாம். மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன். மூன்றிலும் குறைந்தது ஒன்றைக் கெடுத்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கட்டில் காலும் தொட்டில் கட்டையும் கடைந்து கொடுக்கும் பெரியவர் ஒருவரிடம் ஒட்டிய வளையங்களைக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் தம்பி, முழுசா இருக்கிற மரத்தை நறுக்கித் திரும்ப ஒட்டுறதுக்கா இவ்வளவு மெனக்கெடுறீங்க?" என்றார். நியாயமான கேள்வி.

கட்டை

நல்ல காற்று மழைக்கு மறுநாள் தெருவோரம் தூங்குமூஞ்சி மரம் விழுந்து கிடந்தால் எனக்குக் கால் நகராது. பிலிப்பைன்ஸிலும் ஹவாயிலும் பெரிய மரவைகளுக்குப் பேர்போன மரம் இதுதான். ஹவாயில் மங்கிபாட் என்பார்கள். காயும்போது அதிகம் சுருங்காது என்பதுதான் அதன் அருமை. பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை, நடுவிலிருந்து பட்டை நோக்கிய போக்கில் சுமார் 2 சதவீதம், ஆண்டு வளையங்களின் போக்கில் சுமார் 3.4 சதவீதம். தேக்குக்கு இதே கணக்கு 2.5, 5.8.

இரண்டு எண்களும் ஒன்றாக இல்லை என்பதில்தான் கட்டை மரவையின் தலையெழுத்து இருக்கிறது. ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் சுருங்குவதால், வட்டமாகக் கடைந்தது காய்ந்ததும் முட்டை வடிவத்துக்குப் போய்விடும். அதனால் ஒரே மரவையை இரண்டு முறை கடைய வேண்டும். முதல் முறை பச்சையாக, சுவரைத் தடிமனாக விட்டு. வாய் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கம், 16 அங்குலத்துக்கு 1.6 அங்குலம். பிறகு நார்முனை, அதாவது நார் குறுக்கே அறுபட்ட முகம், தெரியும் இடங்களில் மெழுகு பூசி, காகிதப் பையில் போட்டு, காற்றடிக்காத நிழலில் வைக்க வேண்டும். வாரம் ஒரு தரம் எடை பார்க்கலாம். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. ஆறு மாதமும் ஆகும், ஒரு வருடமும் ஆகும். அப்புறம் திரும்ப லேத்தில் ஏற்றி, கோணலை நிமிர்த்தி முடிக்க வேண்டும்.

மரத்தின் நடுத்தண்டு, அதாவது சோற்றுப்பகுதி, கட்டைக்குள் இருக்கவே கூடாது. இருந்தால் அங்கிருந்துதான் வெடிப்பு கிளம்பும். அதைத் தள்ளிவிட்டு, பாதிப் பிளவில் 16 அங்குல வாய் எடுக்க வேண்டுமானால் தண்டு குறைந்தது 18 அங்குல விட்டம் இருக்க வேண்டும். இவ்வளவு பருமனான தேக்கை விலைக்கு வாங்கி, அதில் முக்கால்வாசியைச் சீவலாகக் குப்பைக்கு அனுப்ப எனக்கு மனசு வராது. விழுந்த மரம் கிடைத்தவருக்குத்தான் இது கட்டுப்படியாகும்.

எடையையும் சொல்ல வேண்டும். பச்சைக் கட்டை வட்டமாக அறுத்த பிறகும் 20 கிலோவை ஒட்டி நிற்கும். சமநிலை இல்லாத அந்த எடை சுழன்றால் லேசான லேத் தரையில் நடக்கத் தொடங்கிவிடும்.

பலகை

இது கணக்கு வாத்தியார்களுக்குப் பிடித்த வழி. ஒரு அங்குலத் தடிப் பலகையில் 16 அங்குல வட்டம் போட்டு, ஒரு அங்குல இடைவெளியில் உள்வட்டங்கள் போட்டு, ரம்பத்தை 45 பாகை சாய்த்து அறுத்தால், ஒவ்வொரு வளையத்தின் அடி விளிம்பும் அடுத்த வளையத்தின் மேல் விளிம்போடு சரியாகப் பொருந்தும். ஐந்து வளையம், நடுவில் 6 அங்குல வட்டம் ஒன்று. அடுக்கினால் 6 அங்குல உயரம். ஒரு தட்டைப் பலகை கண்ணெதிரே கிண்ணமாக எழுந்து நிற்பதை முதல் முறை பார்க்கும்போது மாயாஜாலம் மாதிரிதான் இருக்கும்.

மரச்செலவும் மிகக் குறைவு. கட்டைக்கு 16 × 16 × 6 அங்குலம், அதாவது 0.9 கன அடி. பலகைக்கு 0.15 போதும்.

ஆனால் வடிவம் உங்கள் கையில் இல்லை. சுவர் 45 பாகையில் நேராகச் சரிந்து, புனல் மாதிரிதான் வரும். கடையும்போது கொஞ்சம் வளைவு எடுக்கலாம், கொஞ்சம்தான். நிமிர்ந்த சுவர் வேண்டுமானால் வளையத்தை ஒடுக்கி, ரம்பச் சாய்வைக் குறைத்து, இரண்டு பலகை எடுக்க வேண்டும். சாய்வுக்கு ஒரே சூத்திரம்: வளைய அகலத்தைப் பலகைத் தடிமனால் வகுத்தால் வருவது அந்தக் கோணத்தின் டேன் மதிப்பு.

இன்னொரு சிக்கல் நாரோட்டம். பலகை முழுவதும் நார் ஒரே திசையில் ஓடுவதால், ஒவ்வொரு வளையத்திலும் எதிரெதிரே இரண்டு இடங்களில் நார் சுவருக்குக் குறுக்கே விழும். ஒட்டுவதற்கு முன் வளையத்தைக் கவனமில்லாமல் தூக்கினால் அங்கேதான் முறியும். இதற்குப் பயந்து அடுத்தடுத்த வளையத்தை 90 பாகை திருப்பி ஒட்டலாம் என்று தோன்றும். நான் அப்படித்தான் செய்தேன். வெயில் காலத்தில் ஒரு வளையம் கிழக்கு மேற்காகச் சுருங்க, அதன் மேல் வளையம் வடக்கு தெற்காகச் சுருங்க, விரலால் தடவினால் படிக்கட்டு தட்டுப்பட்டது. நாரை ஒரே திசையில் வைத்து ஒட்டினால் எல்லா வளையமும் சேர்ந்தே அசையும். மரவை லேசாக முட்டை வடிவம் ஆகும், ஆனால் உடையாது.

12 அங்குலம் வரை பலகை வழிதான் எனக்கு முதல் தேர்வு. அதற்கு மேல் போனால் 16 அங்குல அகலப் பலகையையே நாலு பலகை ஒட்டித்தான் தயாரிக்க வேண்டும். அப்படியே ஒட்டத்தான் போகிறோம் என்றால் மூன்றாவது வழியைப் பார்க்கலாமே.

துண்டுகள்

12 துண்டுகளால் ஒரு வளையம். ஒவ்வொரு துண்டின் இரு முனையும் 15 பாகை சாய்வு. 16 அங்குல வளையத்துக்கு ஒரு துண்டின் வெளிவிளிம்பு 4.29 அங்குலம். முக்கால் அங்குலத் தடிமனில் எட்டு வளையம் கட்டினால் உயரம் வந்துவிடும். மொத்தம் 96 துண்டு, 192 வெட்டுமுகம். தேக்கு வேலை நடக்கும் பட்டறையில் மூலையில் கிடக்கும் இரண்டு அங்குல அகல ரீப்பர் மிச்சங்களே இதற்குப் போதும். எல்லாம் சேர்த்து 0.3 கன அடி. லேத்தில் ஏறும் எடை ஐந்தரை கிலோ.

பெரியவர் கேட்ட கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. மரம் நாரின் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசைவதே இல்லை. துண்டு வளையத்தில் நார் சுவரோடு சேர்ந்து சுற்றி ஓடுகிறது. ஆகவே மழைக்கும் வெயிலுக்கும் வளையத்தின் விட்டம் மாறாது. சுவரின் தடிமன் மட்டும் மயிரிழை கூடும், குறையும். முழு மரத்துக்கு இல்லாத ஒரு குணத்தை, நறுக்கி ஒட்டி வாங்குகிறோம். முட்டை வடிவம் ஆகாது, ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம். உளிக்கும் சுகம்: கட்டை மரவையில் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடத்தில் நார்முனை எதிர்ப்பட்டுப் பிய்யும், உப்புத்தாள் போட்டுப் போட்டே கை ஓயும். துண்டு வளையத்தில் சுற்றிலும் ஒரே சீரான வெட்டு.

இதற்கான விலையைக் கோணத்தில் கட்ட வேண்டும். ரம்பத்தில் கோணம் வைக்கும் மைட்டர் கேஜ் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு தவறினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். 12 துண்டின் 24 முகத்திலும் அந்தத் தவறு கூடிக்கொண்டே போய், கடைசி இணைப்பில் 2.4 பாகை. இரண்டு அங்குல அகலத் துண்டில் அது 2 மி.மீ. திறந்த வாய். ஃபெவிகாலோடு மரத்தூளைக் குழைத்து அடைக்கலாம், எண்ணெய் பூசிய அன்றே கருப்புக் கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு இரண்டு மருந்து உண்டு. பழைய மருந்து, முழு வளையமாக ஒட்டாமல் ஆறாறு துண்டாக இரண்டு அரை வளையம் ஒட்டுவது. காய்ந்ததும் தட்டையான கண்ணாடிமேல் ஒட்டிய உப்புத்தாளில் அரை வளையத்தின் இரு முனைகளையும் ஒருசேரத் தேய்த்து நேராக்கி, பிறகு இரண்டையும் சேர்ப்பது. எல்லாத் தவறும் அந்தத் தேய்ப்பில் கரைந்துபோகும். மேஜை ரம்பம் வைத்திருப்பவர்களுக்குப் புதிய மருந்து, வெட்ஜி எனப்படும் சறுக்குப் பலகை. அதில் இரண்டு தாங்கு சட்டங்கள், நடுவில் 30 பாகை ஆப்பு வைத்துச் சட்டங்களை இறுக்கிவிட்டு ஆப்பை எடுத்துவிடுவார்கள். ஒரு வெட்டு இந்தச் சட்டத்தில், அடுத்த வெட்டு அந்தச் சட்டத்தில். ஒன்று 14.9, மற்றொன்று 15.1 என்றிருந்தாலும் கூட்டினால் 30, வளையம் மூடிக்கொள்ளும். இதைச் செய்துகொண்ட பிறகு நான் கோணமானியைத் தொட்டதில்லை.

துண்டின் முனைகள் நார்முனைகள். பசையைக் குடித்துவிடும். முதலில் மெல்லியதாக ஒரு பூச்சு பூசி, சில நிமிடம் விட்டு, மறுபடி பூசித்தான் சேர்க்க வேண்டும். சுற்றிலும் இறுக்கக் குழாய்க்குப் போடும் பெரிய ஹோஸ் கிளிப் போதும். முனைக்கு முனை ஒட்டு எப்படிப் பார்த்தாலும் பலம் குறைவுதான். பலம் வருவது மேல் வளையத்திலிருந்து: செங்கல் கட்டுவதுபோல, கீழ் வளையத்தின் இணைப்பு மேல் துண்டின் நடுவில் விழும்படி 15 பாகை தள்ளி ஒட்ட வேண்டும். ஒவ்வொரு வளையத்தின் முகத்தையும் லேத்திலேயே சமப்படுத்தி, லேத்தின் மறுகோடியில் நகரும் வால்முனையால் அழுத்தி ஒட்டிக்கொண்டே போகலாம். ஒரு நாளைக்கு இரண்டு வளையம் என்று வைத்தால் அடுக்கு முடிய நாலு நாள்.

அழகு பற்றி ஒரு வார்த்தை. நடுவில் ஒரு வளையத்தை ஈட்டி மரத்தில் போட்டால் புடவைக் கரை மாதிரி எடுப்பாக இருக்கும். அமெரிக்காவில் ரே ஆலன் இதே முறையில் அந்நாட்டுப் பழங்குடிப் பானைகளின் கோலங்களையே மரத்துண்டில் கொண்டுவந்தார். நான் கரையோடு நிறுத்திக்கொள்கிறேன். மரத்தின் ரேகை கண்ணில் பட வேண்டும் என்பவர்களுக்குத் துண்டு வளையம் பிடிக்காது. அவர்களுக்குக் கட்டைதான், அதில் எனக்கு மறுப்பே இல்லை.

வளையமே இல்லாமல் பீப்பாய்ச் சட்டம்போல நின்ற வாக்கில் ஒட்டும் முறையும் உண்டு. உயரமான குவளைக்குச் சரி, அகல மரவைக்கு வேண்டாம். பிளைவுட் தாள்களை அடுக்கியும் கடையலாம். கென்டக்கியில் ரூட் ஆஸல்னிக் பிர்ச் பிளைவுட்டில் கடைந்த மரவைகள் புகழ்பெற்றவை. மரம் அசையாது, ஆனால் தாள்களுக்கு இடையிலுள்ள பசை உளியின் கூரைத் தின்றுவிடும்.

எந்த வழியானாலும் வேகத்தில் விளையாடக் கூடாது. அங்குல விட்டத்தை நிமிடச் சுற்றால் பெருக்கினால் 6,000 முதல் 9,000-க்குள் இருக்க வேண்டும் என்பார்கள். 16 அங்குலத்துக்கு 375 முதல் 560 சுற்று. 500 சுற்றிலேயே விளிம்பு மணிக்கு 38 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கெட்ட இணைப்பு ஒன்று விட்டுக்கொண்டால் துண்டு அந்த வேகத்தில்தான் வரும். முகக்கவசம் போட்டு, சுழலும் நேர்க்கோட்டிலிருந்து விலகி நின்றுதான் லேத்தைப் போட வேண்டும்.

என் முதல் துண்டு மரவை இணைப்பில் உடையவில்லை, அடியில் உடைந்தது. அடிக்கு 5 அங்குல முழுத் தேக்கு வட்டம் ஒன்றை வளையத்தோடு நன்றாக ஒட்டியிருந்தேன். ஐப்பசி மழையில் ஒட்டியது. பங்குனியில் ஒரு நாள் பட்டென்று சத்தம், அடி நடுவில் பிளந்திருந்தது. வளையம் அசையாது, முழு வட்டம் குறுக்கே ஒரு மி.மீ. சுருங்கப் பார்த்திருக்கிறது. எங்கே போகும்? வளையத்தை இவ்வளவு கவனமாகக் கட்டிவிட்டு, கட்டை மரவையின் குணத்தை நானே அடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

இப்போது கீழ் வளையத்தில் ஒரு படி வெட்டி, அடி வட்டத்தை முன்பே இழைத்து எண்ணெய் போட்டு, சுற்றிலும் ஒரு மி.மீ. இடைவெளியோடு ஒட்டாமல் உட்காரவைத்து, மேல் வளையத்தால் மூடிவிடுகிறேன். மழைக் காலத்தில் அடி இறுக்கமாக இருக்கும். கோடையில் மரவையை ஆட்டினால் லேசாகக் கடகடக்கும். வீட்டுக்கு வருபவர்கள் பழத்தை எடுத்துவிட்டு, ஒட்டு விட்டுப்போச்சு என்று அதை என்னிடமே கொண்டுவந்து நீட்டுகிறார்கள்.