எயார் ரைபிள் குறி தப்பினால் எதில் கைவைப்பது: ஸ்கோப்பிலா, சன்னத்திலா, ஸ்குரூவிலா, ஸ்பிரிங்கிலா?

மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கம் வயல் காவலுக்கோ தென்னந்தோட்டக் காவலுக்கோ எயார் ரைபிள் வைத்திருப்பவர் யாரிடமாவது "குறி சரியில்லை" என்று சொல்லிப் பாருங்கள். அனேகமாக ஒரே பதில்தான் வரும்: "ஸ்கோப்பை மாத்துங்க தம்பி." விற்கிறவருக்கும் அது வசதியான பதில். ஸ்கோப் என்கிற குறிக்கண்ணாடி விலை கூடிய சாமான், சன்னப் பெட்டி மலிவு, ஸ்குரூ இறுக்குவதற்குக் காசே இல்லை. சூடு சிதறுவதற்கு எது காரணமாக இருக்கும் என்று பார்த்தால் இந்த வரிசை தலைகீழாகத்தான் வரும். என்னைக் கேட்டால் முதலில் ஸ்குரூ, அடுத்தது சன்னம், பிறகு பிடிக்கிற விதம். ஸ்கோப் அதற்கும் பிறகு. ஸ்பிரிங்கைக் கழற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

இங்கே நான் பேசுவது குழலை மடித்து ஸ்பிரிங்கை ஏற்றுகிற ரைபிளைப் பற்றி. 12 போர் துவக்கு வேறு சாதி. அது தோட்டா, அதற்கு அனுமதிப்பத்திரம், 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் என்று தனிக்கதை. எயார் ரைபிளுக்கும் இன்றைய நடைமுறை என்ன என்பதை மாவட்டச் செயலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. எந்தப் பிராணி மீது சுடலாம், எதன் மீது கூடாது என்பதை 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் தீர்மானிக்கிறது. வயலுக்குள் வந்துவிட்டது என்பதற்காக அந்தச் சட்டம் விலகி நிற்காது. இன்னொன்று: பன்றியை எயார் ரைபிளால் நிறுத்தலாம் என்று நினைப்பவர்கள் இதற்கு மேல் வாசிக்கத் தேவையில்லை. குறி எவ்வளவு சரியாக இருந்தாலும் அது நடக்காது. காயப்பட்ட பன்றிதான் மிஞ்சும்.

முதலில் கடதாசி

எதை மாற்றுவது என்று வாதாடும் முன் ஒரு கடதாசியை வரம்பு மண்ணுக்கு முன்னால் குத்தி வையுங்கள். தூரம் 20 மீற்றர். ஒரே புள்ளியைப் பார்த்து 5 சூடு. நடுவில், குறியை நகர்த்துகிற ஸ்கோப்பின் குமிழைத் தொடக்கூடாது, இரண்டாவது சூடு எங்கே போனாலும் சரி. விடியற்காலையில் செய்யுங்கள். ஆனி, ஆடியில் வெயில் ஏறக் கச்சான் கிளம்பிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் சோதிப்பது துவக்கை அல்ல, காற்றை. குண்டூசித் தலை மாதிரியான சன்னம் அந்தக் காற்றுக்கு நின்று பிடிக்காது.

ஐந்து துளையும் நெருக்கமாக, ஆனால் புள்ளிக்குத் தள்ளி விழுந்திருந்தால் துவக்கில் கோளாறே இல்லை. குமிழைத் திருப்பினால் முடிந்தது. இரண்டு கூட்டமாகப் பிரிந்து விழுந்தால் எதுவோ இரண்டு நிலையில் மாறி மாறி இருக்கிறது: தளர்ந்த ஸ்குரூ, ஆடும் குழல், நகரும் ஸ்கோப், இவற்றில் ஒன்று. ஒவ்வொரு சூடும் ஒரே பக்கமாக நகர்ந்து நகர்ந்து போனால் ஸ்கோப்பின் பிடி, துவக்கின் முதுகில் அதைப் பூட்டும் தண்டவாளத்தில் வழுக்குகிறது என்று சந்தேகப்படலாம். மேலும் கீழுமாக ஒரு கோட்டில் நீண்டு விழுந்தால் வேகம் சூட்டுக்குச் சூடு மாறுகிறது, அல்லது நீங்கள் பிடிக்கும் இடம் மாறுகிறது. நாலாபக்கமும் அள்ளி எறிந்த மாதிரி இருந்தால் முதலில் சன்னத்தைத்தான் பிடிப்பேன்.

குறி தப்புது என்று வருகிற முறைப்பாடுகளில் ஒரு பங்கு கோளாறே அல்ல, தூரம். 5.5 மில்லிமீற்றர் ரைபிளை 20 மீற்றருக்குச் சரிசெய்து வைத்துவிட்டு 40 மீற்றரில் தென்னை மரத்துக்குச் சுட்டால், செக்கனுக்கு 180 மீற்றர் வேகத்தில் போகிற ஒரு கிராம் சன்னம் சுமார் 10 சென்ரிமீற்றர் கீழே விழும். அது புவியீர்ப்பு. எந்த ஸ்கோப்பும் அதைத் திருத்தாது. தூரத்தை மதிக்கிற கண்தான் திருத்தும்.

ஸ்குரூவும் ஸ்கோப்பும்

இந்த இரண்டும் ஒரே மாதிரி அறிகுறி காட்டுவதால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஸ்பிரிங் ரைபிள் சுடும்போது இரண்டு தரம் உதைக்கிறது. உள்ளே பிஸ்டன் முன்னுக்குப் பாயும்போது துவக்கு பின்னுக்கு வரும். பிஸ்டன் முனையில் போய் நிற்கும்போது துவக்கு முன்னுக்கு இழுபடும். இதெல்லாம் சன்னம் குழலை விட்டு வெளியேறும் முன்பே தொடங்கிவிடுகிறது. அந்த அதிர்வில் கட்டையின் முன்பக்கம் இருக்கும் இரண்டு ஸ்குரூவும், விசையைச் சுற்றிய காப்பில் இருக்கும் ஸ்குரூவும் தாமாகவே தளரும். புதுத் துவக்கு என்றால் இன்னும் சுறுக்காகத் தளரும், மரம் அமுங்கி இடம் விடும் என்பதால். பொருத்தமான திருப்புளியால் அளவாக இறுக்குங்கள். மூர்க்கமாக இறுக்கினால் மரம் வெடிக்கும். திரும்பத் திரும்பத் தளர்ந்தால் ஸ்குரூவின் புரியில் கழற்றக்கூடிய நீலநிறப் பசை ஒரு துளி போதும். அடுத்ததாகக் குழல் மடிகிற அச்சு. குழலைத் திறந்து இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ஆயிரம் ரூபாய் ஸ்கோப் போட்டாலும் ஒன்றுதான், லட்ச ரூபாய் ஸ்கோப் போட்டாலும் ஒன்றுதான், ஏனென்றால் ஸ்கோப் இருப்பது உடம்பில், சன்னம் போவது குழலில்.

ஸ்கோப்தான் குற்றவாளியா என்று அறிய ஒரு செலவும் இல்லாத வழி இருக்கிறது. அதைக் கழற்றி வைத்துவிட்டு, துவக்கோடு வந்த முன்குறி பின்குறியைக் கொண்டு அதே கடதாசிக்குச் சுடுங்கள். சிதறல் அப்படியே இருந்தால் ஸ்கோப் நிரபராதி. சிதறல் சுருங்கினால்தான் ஸ்கோப்பையோ அதன் பிடியையோ பற்றிப் பேச நியாயம் இருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் ஸ்கோப் வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். பெரிய ரைபிளுக்குச் செய்த ஸ்கோப் விலையும் கூடியது, பார்வைக்கும் மிடுக்கு. ஆனால் பின்னுக்கு வரும் உதைப்பைத் தாங்கத்தான் அது செய்யப்பட்டது. முன்னுக்கு இழுபடும் உதைப்பில் உள்ளே இருக்கும் சிலுவைக்கோடு ஆடத் தொடங்கும். போதாக்குறைக்கு அவற்றில் பலவற்றின் பார்வை 100 யார் தூரத்துக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும். 20 மீற்றரில் கண் சற்று நகர்ந்தாலே சிலுவைக்கோடு குறியை விட்டு நகர்ந்தது போலத் தெரியும். எயார் ரைபிளுக்கென்று செய்த, முன்கண்ணாடியில் தூரம் திருப்பக்கூடிய மலிவான ஸ்கோப் இந்த வேலைக்கு அதை வெல்லும். அதோடு பிடியில் வழுக்காமல் தடுக்கும் ஊசி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங் ரைபிளுக்கு அது கட்டாயம்.

சன்னம்

காசுக்குக் கிடைக்கிற பலனைப் பார்த்தால் இதற்கு நிகர் இல்லை. ஒரே அளவு என்று பெட்டியில் போட்டிருந்தாலும் 5.5 சன்னத்தின் தலை 5.50, 5.52, 5.53 என்று நூலிழை வித்தியாசத்தில் வரும். ஒரு குழலுக்குப் பிடித்தது அடுத்த குழலுக்குப் பிடிக்காது, இரண்டும் ஒரே கம்பனி, ஒரே மாதிரி என்றாலும். அதனால் "எந்தச் சன்னம் நல்லது" என்று அண்ணனிடம் கேட்பதில் பாதிதான் பயன். மூன்று நான்கு வகையை வாங்கி உங்கள் துவக்கிலேயே சுட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வகையிலிருந்து அடுத்த வகைக்கு மாறியதும் முதல் சில சூட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். குழல் புது ஈயத்துக்குப் பழக வேண்டும்.

வடிவத்தில் என் தெரிவு உருண்டைத் தலைதான். தட்டைத் தலை 10 மீற்றர் போட்டிக்கு அழகான துளை போடும், 25 மீற்றர் தாண்டினால் தள்ளாடும். கூர்த் தலை பார்க்கப் பயங்கரம், கடதாசியில் பெரும்பாலும் ஏமாற்றம். எந்த வடிவமாக இருந்தாலும் பின்னால் விரிந்திருக்கும் பாவாடைப் பக்கம் நசுங்கிய சன்னத்தை ஒதுக்கிவிடுங்கள். பஸ்ஸில் குலுங்கி வந்த பெட்டியில் அப்படிப் பல இருக்கும். காற்றை அடைப்பது அந்தப் பாவாடைதான். அது ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் சன்னம் குழலை விட்டு வெளியேறும்போதே கோணும்.

குழல் துப்பரவு பற்றிச் சுருக்கமாக: எயார் ரைபிள் குழலில் வெடிமருந்துக் கரி இல்லை, அடிக்கடி துடைக்கத் தேவையில்லை. புதுத் துவக்கில் இருக்கும் எண்ணெயை ஒருமுறை துணியால் இழுத்து எடுங்கள். வாவிக்கரைக் காற்றில் வெளிப்பக்கம் துரு ஏறும், அதை மட்டும் கவனித்தால் போதும்.

பிடிக்கிற கை

இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது, ஏனென்றால் கடையில் விற்கிற சாமான் இல்லை. பரணில் இருந்து சுடுபவர் துவக்கின் முன்கட்டையைக் கம்பில் நேரே சாய்த்து, தோளில் இறுக்கி அணைத்துச் சுடுவார். வெடிமருந்துத் துவக்குக்கு அது சரி. ஸ்பிரிங் துவக்கு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உதைத்து ஆட இடம் வேண்டும். கம்பு அதைத் துள்ள வைக்கிறது. கம்பின்மேல் உள்ளங்கையை வைத்து, அதன்மேல் துவக்கைச் சும்மா கிடக்க விடுங்கள், இறுக்காதீர்கள். தோளிலும் மெதுவாகத் தொட்டால் போதும். கை வைக்கும் இடத்தைக் கட்டையில் ஒரு கீறல் போட்டு அடையாளம் செய்துகொண்டால் இன்னும் நல்லது. ஸ்கோப் மாற்றிக் கிடைக்காத திருத்தம் இதில் கிடைப்பதுண்டு.

ஸ்பிரிங், சீல்

இதைக் கடைசிக்குத் தள்ளியதற்கு இரண்டு காரணம். ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும். அதை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் பின்மூடியைக் கழற்றினால் முகத்துக்குத்தான் வரும். மோட்டார்சைக்கிள் கராஜில் கொடுத்தால் தம்பி நல்ல மனதோடு சாதாரண எண்ணெயை ஊற்றித் தருவார். பிஸ்டன் காற்றை அமுக்கும் அறைக்குள் போன எண்ணெய் சுடும்போது பற்றிக்கொள்ளும்: பலத்த சத்தம், குழல்வாயில் புகை, கருகிய மணம். வேகம் ஒரு சூட்டுக்கு ஏறி அடுத்ததுக்கு இறங்கும், கடைசியில் பிஸ்டனில் காற்றுக் கசியாமல் அடைக்கும் சீலும் போகும்.

கழற்றாமலே பார்க்கக்கூடியது, குழல் மூடும் இடத்தில் உள்ள ரப்பர் வளையம். ஒரு துண்டு டிசு கடதாசியை அந்த இணைப்பின் மேல் வைத்துக் குறிக்கடதாசிக்குச் சுடுங்கள். டிசு பறந்தால் காற்றுக் கசிகிறது. வளையத்தை மாற்றுவது சின்ன வேலை. டிசு அசையாமல், சூடு மேலும் கீழுமாக நீண்டு, வேகமும் குறைந்த மாதிரி இருந்தால் மட்டும் ஸ்பிரிங்கைச் சந்தேகியுங்கள். இரவு முழுக்க ஏற்றியபடி பரணில் வைத்திருப்பவர்களின் ஸ்பிரிங் சீக்கிரம் சோரும். ஏற்றி வைத்த துவக்கு கை தவறினால் என்ன ஆகும் என்பது வேறு.

இதெல்லாம் வேண்டாம், புதிதாக வாங்கினால்?

காற்றை முன்கூட்டியே நிரப்பும் ரைபிளில் உதைப்பு இல்லை என்று சொல்லலாம். பிடிக்கிற விதத்தையும் அது பெரிதாகக் கண்டுகொள்ளாது, சாதாரண ஸ்கோப்பும் அதில் நிலைக்கும். குறியில் மட்டும் பார்த்தால் ஸ்பிரிங் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் அதற்கு 200 பார் அளவில் காற்று வேண்டும். கைப்பம்பால் அடித்தால் வியர்த்துக் கொட்டும், நம் ஊர்க் காற்றின் ஈரமும் சேர்ந்து உள்ளே போகும். மட்டக்களப்புக் கரையில் 1942இல் மூழ்கிய ஹேர்மிஸ் கப்பலைப் பார்க்க முக்குளிப்பவர்களுக்குச் சிலிண்டர் நிரப்பும் இடங்கள் பாசிக்குடாப் பக்கம் உண்டு. துவக்குக்கு நிரப்பித் தருவார்களா என்பதை வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். அழுத்தம் இறங்க இறங்கச் சூடும் இடம் மாறும், அழுத்தத்தைச் சமப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ளே இல்லாவிட்டால்.

தோட்டம் வீட்டோடு சேர்ந்து, பம்பும் கையில் இருப்பவருக்கு அதுதான் சரி. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வாடியில் தங்கி வயல் காக்கிறவருக்கு என் வாக்கு இன்னும் ஸ்பிரிங்குக்குத்தான்: இருக்கிற துவக்கின் ஸ்குரூவை இறுக்கி, மூன்று வகைச் சன்னம் வாங்கி, ஒரு விடியலில் கடதாசிக்குச் சுட்டுப் பார்த்த பிறகும் சிதறினால் மட்டும் புதியதைப் பற்றி யோசிக்கலாம்.