ஃப்ளூ ஊசி: மே மாதமா, மழைக்கு முன்பா, வேண்டவே வேண்டாமா?

பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் வடசென்னையில், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் எந்தக் குழந்தை டாக்டரிடம் போனாலும் ஒரு கேள்வி வரும்: “இந்த வருஷ ஃப்ளூ ஊசி போட்டாச்சா?” விலையைக் கேட்டதும் அம்மாவும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஒரு டோஸ் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயைத் தொடும், தாண்டியும் போகும். ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முதல் முறை நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ் வேண்டும். அப்புறம் வருடத்துக்கு ஒன்று. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் முதல் வருடமே ஆறாயிரம் ஆகிவிடும்.

“புதன்கிழமை புதன்கிழமை சுகாதார நிலையத்துல எல்லா ஊசியும் போட்டுட்டோமே” என்று சொல்பவர்கள் உண்டு. அரசு இலவசமாகப் போடும் பட்டியலில் ஃப்ளூ ஊசி இல்லை. ஆனால் அதே பட்டியலில் நிமோனியாவுக்கு எதிரான பி.சி.வி. இருக்கிறது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணை. ஃப்ளூ வந்த குழந்தையைப் பல நேரம் படுக்கையில் தள்ளுவது அதன்மேல் ஏறிக்கொள்ளும் நிமோனியாதான். அதனால் காசு கொடுத்துப் போடுவதைப் பற்றி யோசிக்கும் முன், காசில்லாமல் கிடைப்பது முழுதாகப் போட்டாயிற்றா என்று தடுப்பூசி அட்டையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

போடாமல் விடுவது

இதை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆரோக்கியமான எட்டு வயதுப் பையனுக்கு ஃப்ளூ வந்தால் நாலைந்து நாள் காய்ச்சல், உடம்பு வலி, ஒரு வாரம் பள்ளி லீவு. பெரும்பாலும் அவ்வளவுதான். நிலவேம்புக் கஷாயம், கற்பூரவல்லிச் சாறு எல்லாம் நம் வீடுகளில் உள்ளதுதான். தொண்டைக்கு இதமாக இருக்கும், கொடுக்கும் பாட்டிக்கும் நிம்மதி. ஆனால் ஃப்ளூ வராமல் தடுக்கும் வேலையை அவற்றிடம் ஒப்படைக்க முடியாது. சின்னக் குழந்தைக்கு ஆவி பிடிக்க வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். கொதிநீர் கொட்டி வெந்து போகும் ஆபத்து சளியைவிடப் பெரியது.

போடாமல் விடும் கணக்கு இடறுவது வீசிங் உள்ள பிள்ளையிடம். மணலி, எண்ணூர்ப் புகைபோக்கிகளும் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகையும் சூழ்ந்த இந்தப் பக்கத்தில், நெபுலைசர் வைக்காமல் மழைக்காலத்தைக் கடக்காத குழந்தைகள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஒரே அறையில் ஐந்து பேர் தூங்குகிற வீட்டில், ஒரே ஷேர் ஆட்டோவில் எட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற ஊரில், “தள்ளி இரு” என்று சொல்லி எவ்வளவு தூரம் தள்ளி வைப்பது?

போட்டும் சளி பிடிக்கிறதே

ஊசிக்கு எதிராக நான் அதிகம் கேட்கும் புகார் இது. புகார் உண்மைதான், காரணம்தான் வேறு. மூக்கு ஒழுகச் செய்யும் வைரஸ்கள் ஏராளம். இந்த ஊசி இன்ஃப்ளூயன்ஸாவை, அதாவது ஃப்ளூவை மட்டும் குறிவைக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, இரண்டு முதல் பதினாறு வயது வரையிலான ஆரோக்கியமான குழந்தைகளைப் பற்றி இதைக் கணக்காகவே சொல்கிறது: ஐந்து பேருக்குப் போட்டால் ஒருவரை ஃப்ளூவிலிருந்து காப்பாற்றலாம். ஃப்ளூ மாதிரி வரும் எல்லாக் காய்ச்சல்களையும் சேர்த்துப் பார்த்தால், ஒருவரைக் காப்பாற்றப் பன்னிரண்டு பேருக்குப் போட வேண்டியிருக்கும். “இனிமே சளியே பிடிக்காது” என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். ஊசியாலேயே ஃப்ளூ வந்தது என்பதையும் நம்ப வேண்டாம். வழக்கமாகப் போடும் ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ். பெரும்பாலும் கை வலியும் ஓரிரு நாள் லேசான சூடும்தான் அதனால் வரும்.

என் கண்ணில் அதைவிட முக்கியமான எண் வேறு. அமெரிக்காவில் 2010 முதல் 2014 வரையிலான தரவை வைத்து 2017இல் வந்த ஆய்வில், ஃப்ளூவால் குழந்தை இறக்கும் அபாயத்தை ஊசி ஆரோக்கியமான குழந்தைகளிடம் 65 சதவீதமும், ஏற்கெனவே நோயுள்ள குழந்தைகளிடம் 51 சதவீதமும் குறைத்தது தெரிந்தது. சளிக்கும் ஐசியு படுக்கைக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் இந்தப் பணம். அந்தக் கோணத்தில் பார்த்தால் விலை அவ்வளவு அநியாயமாகத் தெரியாது.

மே மாதமா, செப்டம்பரா?

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் வடசென்னைக்கு விஷயமே இங்கேதான் இருக்கிறது. டெல்லி, மும்பைப் பக்கம் ஃப்ளூ தென்மேற்குப் பருவமழையோடு ஜூன் தொடங்கி ஏறும். நமக்குப் பெருமழை அக்டோபர், நவம்பரில். ஃப்ளூவின் உச்சமும் பெரும்பாலும் அப்போதுதான். ஊசியின் பாதுகாப்போ மாதங்கள் போகப் போகத் தேயும். மே மாதம் போட்ட ஊசி நவம்பருக்குள் ஆறு மாதப் பழசு.

பர்ஸும் இதையேதான் சொல்லும். காசிமேட்டு விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். படகு கரையில் நிற்க, ஸ்கூல் ஃபீஸும் நோட்டுப் புத்தகமும் வாசலில் நிற்கும்போது மூவாயிரம் ரூபாய் ஊசிக்கு எங்கே போவது? ஆகஸ்ட், செப்டம்பரில் அதே வீட்டில் கையில் நாலு காசு புழங்கும்.

மே மாதத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. ஃப்ளூ நம்மிடம் மழைக்கு மட்டும் காத்திருப்பதில்லை. 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற ஃப்ளூ வகை பரவி, தமிழக அரசு ஒரே நாளில் ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தியது. வீசிங் கடுமையாக உள்ள பிள்ளைக்கு டாக்டர் மே மாதமே போடச் சொன்னால் போட்டுவிடுவதே சரி. மற்றவர்களுக்கு என் ஓட்டு செப்டம்பருக்கு. முதல் முறை போடும் குழந்தைக்கு ஆகஸ்டிலேயே ஆரம்பித்தால்தான் இரண்டாவது டோஸ் மழைக்கு முன் முடியும்.

போடும் முன் ஊசி மருந்து வந்த பெட்டியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் ஊசியில் என்ன வைரஸ் இருக்க வேண்டும் என்று வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும் முடிவு செய்கிறது. எந்த ஆண்டுக்கான தயாரிப்பு என்பதும் காலாவதித் தேதியும் பெட்டியில் அச்சாகியிருக்கும். அதற்காகப் புதுச் சரக்கு வரட்டும் என்று அக்டோபரைத் தாண்டிக் காத்திருக்கவும் வேண்டாம்.

ஒரு பிள்ளைக்குத்தான் காசு இருக்கிறது என்றால்

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும், அதற்கு மேல் ஆஸ்துமா, இதயக் கோளாறு போன்றவை உள்ளவர்களுக்கும் பரிந்துரைக்கிறது. அதனால் வரிசை எனக்குக் குழப்பமில்லை: கைக்குழந்தையும் வீசிங் பிள்ளையும் முதலில், நன்றாக ஓடியாடும் பத்து வயது அண்ணன் கடைசியில். அண்ணனுக்குப் போடாததற்காக யாரும் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம். அவனுக்குக் காய்ச்சலோடு மூச்சு வாங்கினாலோ, தண்ணீர்கூட இறங்காமல் சுருண்டு படுத்தாலோ, அன்றைக்கே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ கூட்டிப்போங்கள். ஃப்ளூ வைரஸுக்கு எதிரான ஓசெல்டாமிவிர் மருந்து முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது. அதற்கு வழி அம்மா மூலமாகத்தான்: கர்ப்ப காலத்தில் அம்மா போட்டுக்கொண்டால் பிறக்கும் குழந்தைக்கும் முதல் சில மாதங்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கும். செக்-அப்புக்குப் போகும் இடத்திலேயே கேட்டுவிடலாம்.